நெல்லிக்காயின் துவர்ப்பும் ஆய்வுக்கூடத்து எண்ணும்

டி.பி.பி.எச். என்ற பொருள் இல்லாத உயிர்வேதியியல் ஆய்வுக்கூடம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அரிது. கருமையான தூள், மெத்தனாலில் கரைத்தால் அடர் ஊதா. கொல்லிமலையிலோ ஏற்காட்டிலோ பறித்து வந்த இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து வடித்த சாற்றை அதில் கொஞ்சம் விட்டு, அரைமணி நேரம் இருட்டில் வைத்து எடுத்தால் ஊதா வெளிறி மஞ்சளாகியிருக்கும். எவ்வளவு வெளிறியது என்பதை 517 நானோமீட்டர் அலைநீள ஒளியில் கருவி அளந்து சொல்லும். ஆய்வேட்டில் அது ஒரு சதவீதமாக நிற்கும். நாளிதழுக்குப் போகும்போது 'புற்றுநோயை விரட்டும் மலை மூலிகை' என்று தலைப்பாகிவிடும்.

சோதனையின் மேல் குற்றம் இல்லை. 1958இல் மார்ஸ்டன் பிளாய்ஸ் 'நேச்சர்' இதழில் இதை விவரித்தபோது அவர் கேட்ட கேள்வி மிக எளியது: ஒரு பொருள் இன்னொன்றுக்கு எலக்ட்ரானையோ ஹைட்ரஜனையோ விட்டுக்கொடுக்குமா? டி.பி.பி.எச். மூலக்கூறில் ஒரு எலக்ட்ரான் துணையின்றித் தனித்து நிற்கிறது. அதற்குத் துணை கிடைத்ததும் நிறம் போகிறது; அப்படித் துணை கொடுக்கும் பொருளையே ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த மூலக்கூறு நம் உடலில் எங்கும் இல்லை. மெத்தனாலை நாம் குடிப்பதும் இல்லை. குடித்தால் கண் போகும், உயிரும் போகும். டானின், ஃபிளேவனாய்டு, வைட்டமின் சி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இல்லாத பச்சிலை உலகில் கிடையாது என்பதால், இந்தச் சோதனையில் முற்றிலும் தோற்ற செடியைத் தேடுவது வீண்வேலை. எதை வைத்தாலும் நிறம் மாறும் என்றால், மாறியது என்று சொல்வதில் செய்தி என்ன இருக்கிறது?

இதே வகையில் வேறு சோதனைகளும் உண்டு. இரும்பு அயனியின் நிறமாற்றத்தை வைத்து அளக்கும் 'ஃப்ராப்' 1996இல் வந்தது. 'ஓராக்' என்ற அளவுகோலைக் கொண்டு அமெரிக்க வேளாண்துறை நூற்றுக்கணக்கான உணவுப்பொருள்களுக்கு எண் கொடுத்து ஒரு பட்டியலே வைத்திருந்தது. பழச்சாறு வணிகர்கள் அந்த எண்களைப் புட்டியின் மேல் அச்சடித்துக்கொண்டார்கள். 2012இல் அந்தத் துறையே பட்டியலைத் தன் இணையதளத்திலிருந்து நீக்கியது. இந்த எண்களுக்கும் மனித உடலில் நடப்பதற்கும் தொடர்பு இருப்பதாகச் சான்று இல்லை, வணிகர்கள் இவற்றைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதே காரணம். நம் ஊர் ஆய்வேடுகளை அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை போலிருக்கிறது.

அப்படியானால் மலைத்தாவரங்களின் ஆன்டிஆக்ஸிடன்ட் என்பதே வெற்றுப்பேச்சா? இல்லை. கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். நமக்கு என்ன பயன் என்று கேட்பதற்கு முன், செடிக்கு இது எதற்கு என்று கேட்டால் பல விஷயங்கள் துலங்கும்.

ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. அதன்படி மேகமில்லாத நாளில் கோயம்புத்தூரைவிட ஊட்டியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் புறஊதா விழுகிறது. மனிதன் தொப்பி போட்டுக்கொள்ளலாம், நிழலுக்கு ஒதுங்கலாம். செடிக்கு அந்த வசதி இல்லை. அது தன் இலையின் மேல்தோல் செல்களில் ஃபிளேவனாய்டுகளை நிரப்பி, புறஊதா உள்ளே இறங்காமல் அங்கேயே உறிஞ்சிக்கொள்கிறது.

குளிர் வேறு ஒரு தொல்லை. மார்கழி, தை மாதங்களில் நீலகிரிப் புல்வெளியில் உறைபனி விழுந்த மறுநாள் காலை வானம் துடைத்ததுபோல் இருக்கும். வெயில் சுள்ளென்று அடிக்கும். இலையின் பச்சையம் ஒளியைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. அதைச் சர்க்கரையாக மாற்ற வேண்டிய நொதிகளோ குளிரில் மந்தமாகிக் கிடக்கின்றன. செலவாகாத எலக்ட்ரான்கள் ஆக்ஸிஜன் மேல் போய் ஒட்டுகின்றன. சூப்பர்ஆக்ஸைடு, ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்று செல்லை அரிக்கும் பொருள்கள் பிறப்பது அங்கேதான். அவற்றை அந்த இடத்திலேயே தணிக்க வைட்டமின் சி, குளுட்டாதையோன், சில நொதிகள் எல்லாம் பச்சையமணிக்குள் தயாராக இருக்கின்றன. செடியின் ஆன்டிஆக்ஸிடன்ட் கிடங்கு இந்த அன்றாடப் போராட்டத்தின் கருவி. நம் சர்க்கரை நோயையோ முதுமையையோ கருதி அது எதையும் செய்து வைக்கவில்லை.

சோலைக்காட்டின் ஓரத்தில் நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். கொழுந்து விடும் பருவத்தில் மரங்களின் முகடு பச்சையாக இருப்பதில்லை. நாவல் குடும்பத்து மரங்களும் இலவங்க இனங்களும் செம்பு, செங்கல், இளஞ்சிவப்பு என்று துளிர்க்கின்றன. ஒரு கொம்பை வளைத்துப் பார்த்தால் நுனியில் நான்கைந்து இலைகள் சிவந்து துவண்டு தொங்கும். அதற்கு அடுத்த அடுக்கு வெண்கலப் பச்சை. கீழே வரவரத் தடித்த கரும்பச்சை. கொழுந்தின் சிவப்பு ஆந்தோசயனின். இன்னும் முழுதாக இயங்கத் தொடங்காத பச்சையத்துக்கு அது வெயில் மறைப்பு என்கிறார்கள் சிலர். பூச்சிகளின் கண்ணிலிருந்து தப்பவும் வாயைக் கசக்கச் செய்யவும்தான் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். செடிகள் ஒரே பொருளை இரண்டு வேலைக்குப் பயன்படுத்துவது வழக்கம்தான்.

நெல்லி இந்த உச்சிமலை மரங்களில் சேராது. அடிவாரத்திலிருந்து இடைமலை வரை இலையுதிர் காடுகளின் சரிவில், கல்லும் செம்மண்ணும் கலந்த வறண்ட இடத்தில் வளர்வது. அதியமான் ஔவைக்குக் கொடுத்த கனி பெருமலையின் பிளவில், ஏறுவதற்கரிய இடத்தில் விளைந்தது என்று புறநானூற்றின் 91ஆம் பாட்டு சொல்கிறது. இலை சிறியது என்பதையும் ஔவை விடாமல் குறிப்பிடுகிறார், தாவரவியலாளரின் கண். ஆயுள் நீட்டிக்கும் பேச்சைவிட எனக்கு அந்த இலைக்குறிப்பு பிடிக்கும்.

நெல்லிக்காயில் எவ்வளவு வைட்டமின் சி இருக்கிறது? பள்ளிப் பாடநூல் முதல் லேகியப் பெட்டி வரை எல்லோரும் சொல்லும் எண் 100 கிராமுக்கு 600 மில்லிகிராம். ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பல்லாண்டு காலம் வெளியிட்ட பழைய உணவு அட்டவணையிலிருந்து வந்தது அது. அதே நிறுவனம் புதிய முறைகளில் அளந்து 2017இல் வெளியிட்ட அட்டவணையில் எண் 252ஆகக் குறைந்துவிட்டது. கொய்யா அதே அட்டவணையில் 200க்குச் சற்று மேலே நிற்கிறது. அதாவது, தெருமுனைத் தள்ளுவண்டிக் கொய்யாவுக்கும் நெல்லிக்கும் இடைவெளி நாம் நினைத்ததைவிட மிகக் குறைவு. இந்தத் திருத்தம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் 600 அசையாமல் இருக்கிறது. கவர்ச்சியான எண்ணுக்கு ஆயுள் அதிகம்.

வைட்டமின் சி இருக்கிறதா என்பதையே கேள்விக்குள்ளாக்கிய சர்ச்சையும் ஒன்று நடந்தது. 1996இல் கோஷல் தலைமையிலான குழு, நெல்லியின் ஆற்றலுக்குக் காரணம் எம்ப்ளிகானின் ஏ, பி என்ற இரண்டு புதிய டானின்கள் என்று இந்திய வேதியியல் இதழ் ஒன்றில் எழுதியது. அந்தப் பெயர்கள் உடனே வணிகச் சாறுகளின் மேலுறைக்கு ஏறின. 2001இல் சீன, ஜப்பானிய ஆய்வாளர்கள் நெல்லிச்சாற்றைப் பிரித்துப் பார்த்தபோது முக்கியமாகக் கண்டது மியூசிக் அமிலத்தோடு காலிக் அமிலம் பிணைந்த சேர்மங்களை. 2006இல் இத்தாலியர்கள் ஒரு குழுவாக அளந்து, காயின் ஆன்டிஆக்ஸிடன்ட் செயலில் பெரும்பங்கு வைட்டமின் சி உடையதே என்றார்கள். 2009இல் இன்னொரு குழு வந்து, முன்பு எம்ப்ளிகானின் என்று அடையாளம் காட்டப்பட்டவை உண்மையில் பீட்டா-குளுக்கோகாலினும் மியூசிக் அமில காலேட்டுகளும்தான், வைட்டமின் சி என்று அளக்கப்பட்டதிலும் பெரும்பகுதி இவற்றின் நிழலே என்று வாதிட்டது. சாற்றைப் பிரித்துக் காட்டும் கருவியில் இரண்டு சேர்மங்கள் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் இரண்டும் வரைபடத்தில் ஒரே சிகரமாகத் தெரியும். யார் யாரென்று பிரிக்கத் தெரிந்த கருவி வந்த பிறகுதான் வழக்கு தொடங்கியது என்று சொல்லலாம்.

என் தீர்ப்பு: வைட்டமின் சி இருக்கிறது. பழைய வரலாறும் அதன் பக்கம் சாட்சி சொல்கிறது. 1939-40இல் பஞ்சாப் மாகாணத்து ஹிஸார் பகுதியில் பஞ்சம் வந்தபோது ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி பரவியது; உலர்ந்த நெல்லியைக் கொடுத்து அதைக் குணப்படுத்தினார்கள். டானின் ஸ்கர்வியைத் தீர்க்காது. ஆனால் எவ்வளவு இருக்கிறது என்பது மரத்துக்கு மரம், மலைக்கு மலை, பறித்த மாதத்துக்கு மாதம் மாறும். பவானிசாகரில் தேர்ந்தெடுத்த பி.எஸ்.ஆர். 1, பைசாபாத்திலிருந்து வந்த என்.ஏ. 7 என்று ஒட்டுச்செடியில் காய்க்கும் எலுமிச்சையளவுக் காயும், காட்டில் கோலிக்குண்டு அளவில் நாரோடு விளையும் காயும் ஒரே வரியில் எழுதத்தக்கவை அல்ல.

இந்த மில்லிகிராம் சண்டை ஒருபுறம் இருக்கட்டும். உடலுக்கு எவ்வளவு தேவை? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்தது ஆண்களுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65. குறைத்து மதிப்பிட்ட 252 கணக்கிலேயே, கொட்டை நீக்கி 40 கிராம் சதை தேறும் ஒரே ஒரு காய் 100 மில்லிகிராம் தந்துவிடும். 1996இல் அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனத்தில் மார்க் லெவைன் குழு தன்னார்வலர்களை மருத்துவமனையிலேயே தங்கவைத்து அளந்தது. நாளொன்றுக்கு 100 மில்லிகிராமிலேயே வெள்ளணுக்கள் நிரம்பிவிடுகின்றன. 400ஐத் தாண்டினால் இரத்தத்தில் அதன் அளவு ஏறுவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மிகுதி சிறுநீரில் போகிறது. காலையில் நெல்லிச்சாறு, மாலையில் லேகியம், இடையில் மாத்திரை என்று அடுக்குகிறவர் கழிவறைக்கு ஊட்டச்சத்து வழங்குகிறார்.

இனி துவர்ப்புக்கு வரலாம். காட்டு நெல்லியைக் கடித்தவுடன் புளிப்பு வரும். நான்கைந்து மெல்லுக்குப் பிறகு நாக்கின் ஓரமும் கன்னத்தின் உட்புறமும் சுருங்கி இழுக்கும். வாயில் ஈரம் இருந்தும் வறண்டதுபோல் தோன்றும். உமிழ்நீரில் வாயை வழுவழுப்பாக வைத்திருக்கும் புரதங்களை டானின் பிடித்துக் கட்டி, திரளச் செய்துவிடுவதால் வருவது அது. துவர்ப்பு ஒரு சுவையா, தொடுஉணர்வா என்று உடலியல் அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். அறுசுவையில் அதற்கு இடம் கொடுத்த நம் முன்னோர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

புரதத்தைக் கட்டும் இந்தக் குணத்தை மருந்துக்கடைக்கு முன்பே தோல்பதனிடுவோர் அறிந்திருந்தார்கள். நெல்லியோடு திரிபலாவில் சேரும் மற்ற இரண்டும், கடுக்காயும் தான்றிக்காயும், மலைக்காட்டு மரங்களின் காய்களே. ஜவ்வாது மலை, சேர்வராயன் மலைப் பக்கங்களிலிருந்து இறங்கிய கடுக்காயில் பெரும்பகுதி சித்த மருத்துவர் வீட்டுக்குப் போகவில்லை. ஆம்பூர், வாணியம்பாடித் தொட்டிகளுக்குப் போயிற்று. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய தோலைக் கடைசியில் கடுக்காய் நீரில் போட்டெடுத்து நிறத்தையும் நிறையையும் சரிசெய்வார்கள். அப்படிப் பதப்பட்ட தோல் ஆங்கிலேயர் காலத்தில் சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. விலங்குத்தோலின் கொலாஜனைப் பிடித்து அழுகாமல் நிறுத்திய அதே செபுலினிக் அமிலமும் செபுலாஜிக் அமிலமும்தான் இன்று கடுக்காய்ப் பொடியின் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' எண்ணுக்கும் காரணம்.

இதிலிருந்து ஒரு நேரான விளைவு வருகிறது. இவ்வளவு பெரிய, இவ்வளவு ஒட்டும் குணமுள்ள மூலக்கூறு வாயிலும் குடலிலும் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. முழுதாகக் குடல்சுவரைத் தாண்டி இரத்தத்துக்குள் நுழைவது மிகச் சொற்பம். டானின், ஃபிளேவனாய்டு வகைப் பொருள்கள் உண்டபின் இரத்தத்தில் காணப்படும் அளவு பெரும்பாலும் லிட்டருக்கு ஒரு மைக்ரோமோலுக்கும் கீழே. ஆய்வுக்கூடத்தில் செல்களின் மேல் ஊற்றிப் பார்க்கும் அளவோ அதைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்கு. இரத்தத்துக்குள் வந்தாலும் அங்கே நம் உடல் தானே செய்துவைத்த நொதிகள் காவலுக்கு இருக்கின்றன. 1969இல் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் கண்டுபிடித்த சூப்பர்ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி, வேதியியலில் சாத்தியமான உச்ச வேகத்தை ஒட்டி இயங்குவது. அது இருக்கும் இடத்தில் நாம் உண்ட டானின் போய் ஃப்ரீ ரேடிக்கலைத் தணிக்கிறது என்பது, மதகு திறந்து ஓடும் வெள்ளத்தைக் கைமண்ணால் அடைக்கப் பார்ப்பது.

நுழையாத டானினுக்கு என்ன ஆகிறது என்பதுதான் சுவையான பகுதி. நெல்லி, கடுக்காய், மாதுளை ஆகியவற்றின் எல்லாகிடானின்கள் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றை உடைத்து யூரோலிதின் என்ற சிறு சேர்மங்களாக்குகின்றன. இவை இரத்தத்துக்குள் எளிதாக நுழைகின்றன. ஆனால் எல்லோர் குடலிலும் அந்தப் பாக்டீரியாக்கள் இல்லை. மனிதர்களை இதில் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். ஒரு வகையினரால் யூரோலிதினை உண்டாக்கவே முடியாது. ஒரே லேகியம் அண்ணனுக்குக் கேட்டது, தம்பிக்குக் கேட்கவில்லை என்றால் லேகியத்தை மட்டும் குறைசொல்ல முடியாது. கைநாடி பார்த்து ஆளுக்கு ஆள் மருந்தை மாற்றிய வைத்தியருக்கு இந்தப் பாக்டீரியாக் கணக்கு தெரியாது. ஆனால் ஆளுக்கு ஆள் மாறும் என்பது தெரியும். இன்றைய புட்டி மருந்துக்கு அதுவும் தெரியாது.

இன்னொரு வழியும் உண்டு. தாவரச் சேர்மங்களில் பல உடலுக்குச் சிறு அளவில் நஞ்சுதான். செல்லுக்குள் கீப்1 என்ற புரதம் இந்தச் சீண்டலை உணர்ந்து, நர்ஃப்2 என்ற இன்னொரு புரதத்தை விடுவிக்கிறது. அது கருவுக்குள் போய்ச் செல்லின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைக் கூடுதலாகச் செய்யவைக்கிறது. 1990களின் பிற்பாதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் துலக்கிய வழி இது. அப்படிப் பார்த்தால் மலைக்காயின் நன்மை, அது ஆக்ஸிஜனேற்றத்தை நேராகத் தடுப்பதால் வருவது அல்ல. கொஞ்சம் தொல்லை கொடுப்பதால் வருவது. தொல்லை அளவோடு இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

அளவு தப்பியதற்கு மருத்துவ வரலாற்றில் பெரிய சாட்சி இருக்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. காரட்டும் கீரையும் தரும் பீட்டா கரோட்டினைத் தினமும் 20 மில்லிகிராம் மாத்திரையாக உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. குறையும் என்று எதிர்பார்த்துத் தொடங்கிய ஆய்வு அது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏயும் சேர்த்துக் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் கூடியதால் 1996 ஜனவரியில் பாதியில் நிறுத்தினார்கள். காய்கறி நிறைய உண்கிறவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்ற பழைய கவனிப்பு பொய் அல்ல. காயிலிருந்து ஒரு பொருளை மட்டும் உருவி, பல மடங்காக்கி, உருண்டை செய்து கொடுத்தால் அதே பலன் வரும் என்ற கணக்குதான் பொய்த்தது.

நெல்லியை மனிதர்களிடம் சோதித்ததும் உண்டு. 2019இல் வெளியான ஒன்றில் இரத்தக் கொழுப்பு மிகுந்த 98 பேரில் ஒரு குழுவினர் 12 வாரம் நெல்லிச்சாற்றுப் பொடியை நாளுக்கு இருவேளை உண்டார்கள். வெற்று மாத்திரை உண்டவர்களைவிடக் கொழுப்பு குறைந்தது. ஆன்டிஆக்ஸிடன்ட் சதவீதங்கள் நிரம்பிய நூறு கட்டுரைகளைவிட இத்தகைய ஓர் ஆய்வுக்கு மதிப்பு அதிகம். ஆனாலும் 98 பேர், மூன்று மாதம். மாரடைப்பு குறைந்ததா என்று அறிய ஆயிரக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். காப்புரிமை பெற முடியாத ஒரு காட்டுக்காய்க்கு அந்தச் செலவைச் செய்ய யார் முன்வருவார்?

ஆய்வுக்கட்டுரைகள் மொய்க்கும் மலைக்காய் நெல்லி மட்டுமல்ல. நீலகிரியில் தவிட்டுக்கொய்யா என்று ஒரு புதர் இருக்கிறது. சோலையும் புல்வெளியும் சேரும் ஓரங்களில், இடுப்பளவு, தோளளவு உயரத்தில் இளஞ்சிவப்புப் பூவோடு நிற்கும். பழம் கருஊதா, தலையில் சிறு கிரீடம், உள்ளே மாவுபோல இனிப்பு, நிறைய விதை. சந்தைக்கு வரும் அளவுக்குத் தோல் கடினமில்லை. மலைக்குழந்தைகளும் பறவைகளும் தின்று தீர்க்கும். இதன் விதைகளில் பைசியட்டானால் என்ற பொருள், திராட்சையின் புகழ்பெற்ற ரெஸ்வெரட்ராலின் நெருங்கிய உறவு, மிகுதியாக இருப்பது தெரியவந்ததிலிருந்து ஆய்வுக்கட்டுரைகள் பெருகின. விதையை யாரும் மெல்வதில்லை, விழுங்கிவிடுகிறோம். வியட்நாமில் இதே பழத்தில் மது வடிக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இதைக் களை என்று பிடுங்குகிறார்கள்.

எண்ணைச் சுற்றி வணிகம் கட்டப்படும்போது மலையில் வாழ்கிறவர்களுக்கு என்ன வருகிறது என்பதற்கு அகத்தியமலையின் ஆரோக்கியப்பச்சையைப் பார்க்க வேண்டும். 1987இல் புஷ்பாங்கதன் தலைமையில் மலையேறிய தாவரவியல் குழு மூச்சிரைத்து உட்கார்ந்தபோது, வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடி இளைஞர்கள் ஏதோ பழத்தை வாயில் போட்டு மென்றபடி களைப்பின்றி நடந்தார்கள். கேட்டபோது தயங்கி, பின்பு அவர்கள் காட்டிய செடி நிழலான ஈரத்தரையில் வளரும் சிறு பூண்டு. கேரளத்துப் பாலோட்டின் வெப்பமண்டலத் தாவரப் பூங்கா ஆய்வு நிறுவனம் அதைப் பரிசோதித்து, அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தாக்கியது. கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 7 ஆண்டு உரிமம். கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் பங்கு. அதில் பாதி காணி மக்களுக்கு என்று 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவானது; 1999இல் சுமார் 5.19 லட்சம் ரூபாய் அதன் கணக்குக்கு வந்தது. பல்லுயிர் உடன்படிக்கையைப் பற்றிய உலகக் கூட்டங்களில் இது முன்மாதிரியாகப் பேசப்பட்டது.

காணிகள் தின்றது பழம், மருந்தானது இலை. ஆலைக்குப் பழத்தைவிட இலை வசதி. இலையைக் காட்டிலிருந்து எடுக்க வனத்துறை தடைசெய்தது. பயிரிட்டுத் தரும் முயற்சி முழுதாக ஊன்றவில்லை. செடியைப் பற்றி அறிந்த மக்களுக்கு அந்தச் செடியைத் தொட உரிமை இல்லாமல், அதன் விற்பனையில் மட்டும் பங்கு கிடைத்தது.

நெல்லிக்கு நேர்ந்தது இதற்கு நெருங்கிய கதை. சத்தியமங்கலத்துக்கு வடக்கே, கர்நாடக எல்லைக்குள் இருக்கும் பிலிகிரி ரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினர் தலைமுறைகளாக நெல்லி பறித்து வந்தார்கள். பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கம் வாங்கிக்கொண்டது. பறித்துப் பறித்தே மரம் அழிகிறது என்ற எண்ணம் காவலர்களுக்கு இருந்தது. 2002ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் சரணாலயங்களில் விற்பனைக்காகச் சேகரிப்பது நின்றது. பெங்களூரின் ஏட்ரீ நிறுவன ஆய்வாளர்களும் சோலிகர்களும் சேர்ந்து மரங்களுக்கு எண் போட்டு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2012இல் வெளியான அவர்களின் பகுப்பாய்வில், மரங்கள் குறைந்துவருவது உண்மை. ஆனால் காய் பறிப்பதைவிடப் பெரிய காரணங்கள் வேறு: கிளைகளில் ஒட்டி உயிரை உறிஞ்சும் புல்லுருவியும், தரையை மூடி நாற்றுகளை நெரிக்கும் உண்ணிச்செடியும். சோலிகர்கள் முன்பு ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தில் சருகுக்குத் தீவைத்துப் புதர்களை அடக்கினார்கள். காய் பறிக்க ஏறும்போது புல்லுருவி பிடித்த கிளையை வெட்டிப் போட்டார்கள். தீயும் தடை, ஏறுவதும் தடை என்றானதும் புல்லுருவிக்கு எதிரி இல்லாமல் போயிற்று. 2011இல் வன உரிமைச் சட்டத்தின்கீழ் சோலிகர்களுக்குச் சமூக உரிமை கிடைத்தது. அதே ஆண்டு காடு புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று.

அந்த மலையில் நெல்லி என்று பறிக்கப்படுபவை இரண்டு இனங்கள். ஒன்று நாமறிந்த நெல்லி. மற்றது வறண்ட அடிவாரத்தில் வளரும், சற்றுப் பெரிய காய் தரும் நெருங்கிய உறவு. வியாபாரத்தில் இரண்டுக்கும் பெயர் நெல்லிதான். உலர்ந்து பொடியான பின் எந்த இனம், எந்தச் சரிவு, கார்த்திகையில் பறித்ததா தையில் பறித்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது நல்ல ஆய்விதழ்கள் பல, செடியின் மாதிரியை உலர்தாவரகத்தில் சேர்த்து அதன் எண்ணைத் தராத கட்டுரையை ஏற்பதில்லை. அதோடு உயரம், மாதம், காட்டுமரமா ஒட்டுரகமா, எத்தனை மரங்களிலிருந்து எடுத்தது என்ற நான்கு விவரங்களையும் கட்டாயமாக்கினால் 600க்கும் 252க்கும் இடையிலான தகராறில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு மெத்தனால் உதவாது. காயைத் தின்ற மனிதர்களைத்தான் அளக்க வேண்டும்.